ஜன்னல் வெயில்தடுப்புப் படலம்: காவிரி டெல்டா வீடுகளில்

ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டப்படும் மெல்லிய பாலியெஸ்டர் தாள் வெயில்தடுப்புப் படலம் எனப்படும். விழும் வெயிலில் ஒரு பங்கை இது வெளியே திருப்பிவிடும். ஒரு பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தை மட்டும் அறைக்குள் விடும். அலுமினியம் பூசிய வகையை ஒட்டினால் பகலில் தெருவில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். கடைப்பேச்சில் இதற்குக் கூலிங் பேப்பர், சன் ஃபிலிம், மிரர் ஸ்டிக்கர் என்று பல பெயர்கள் உண்டு.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சேர்ந்த நெல்வயல் நாட்டில் இந்தத் தாளுக்குத் தேவை வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு இங்கே ஜன்னலில் கண்ணாடியே அரிது.

கண்ணாடி இல்லாத வீடு

டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். அக்கிரகாரத் தெருக்களில் பக்கத்துச் சுவர் இரு வீட்டுக்கும் பொது என்பதால் பக்கவாட்டில் ஜன்னலுக்கு இடமே இல்லை. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. தெருப்பக்க ஜன்னலில் இரும்புக் கம்பியும் மேல் கீழாகப் பிரிந்த மரக்கதவுகளும் இருக்கும். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்துவிட்டால் காற்று வரும், வீட்டார் தெரியமாட்டார்கள். ஒளிவுமறைவுக்கு இதைவிட எளிய ஏற்பாட்டை இன்றுவரை எந்தத் தாளும் தரவில்லை. தாழ்வாரமும் திண்ணைக் கூரையும் சுவரில் வெயில் படாமல் காத்தன. கோடையில் வாசலில் கீற்றுப் பந்தல் ஏறியது, வசதியுள்ள வீடுகளில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தார்கள்.

கான்கிரீட் வீடு வந்தபோது தாழ்வாரம் சுருங்கி ஒன்றரை அடி, இரண்டடிச் சன்ஷேடாக நின்றது. மரக்கதவு போய் அலுமினிய ஸ்லைடிங்கும் யு.பி.வி.சி. ஜன்னலும் வந்தன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகளில், படிக்கட்டுப் பக்கம் முழுவதும் திறக்க முடியாத கண்ணாடியாகவே வைப்பதும் உண்டு. பிறகு 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தோப்பின் நிழலில் கிடந்த எத்தனையோ வீடுகளின் சுவர்கள் அடுத்த ஆண்டுக் கோடையில் முதன்முறையாக நேர் வெயிலைக் கண்டன.

எந்த ஜன்னல்

படலம் ஒட்டலாமா என்ற கேள்விக்குப் பதில் கடையில் கிடைக்காது, சூரியனின் பாதையில்தான் கிடைக்கும். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும் நண்பகல் சூரியன் இங்கே சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே போகும். ஆக, மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திர நாள்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழுவதில்லை. அங்கே கூலிங் பேப்பர் ஒட்டுவது வெளிச்சத்தைக் குறைக்கும் செலவு மட்டுமே.

தொல்லை மேற்கில்தான். மாலை 4 மணி வாக்கில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது இரண்டடிச் சன்ஷேடின் நிழல், நான்கடி உயர ஜன்னலில் மேல்பக்கம் ஓரடிக்குச் சற்று அதிகமாக விழும். மற்ற மூன்றடியும் வெயிலில்தான். வயலோரத்து வீடுகளில் இன்னொன்றும் சேரும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல், சூரியன் தாழத் தாழ ஒளியைத் திருப்பி அடிக்கும். வீட்டுக்குள் கண் கூசுவது வானத்தாலா, வயலாலா என்று பிரிக்க முடியாது.

ஒரு கணக்கு: நான்கடிக்கு நான்கடி மேற்கு ஜன்னலின் பரப்பு சுமார் 1.5 சதுர மீட்டர். மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்துக்கொண்டால் அந்த ஜன்னலில் 900 வாட் விழுகிறது. சாதாரண 4 மி.மீ. தெளிந்த கண்ணாடி அதில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை அறைக்குள் சேர்த்துவிடும். 750 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சாயங்காலம் முழுக்க அறையில் போட்டுவைத்த மாதிரி. நல்ல பிரதிபலிப்புப் படலம் ஒட்டினால் உள்ளே சேர்வது, விழும் வெயிலில் கால்வாசியாக, சுமார் 225 வாட்டாக இறங்கும்.

இந்தக் கணக்கில் கூரை வழியே வரும் வெப்பம் சேரவில்லை. உச்சி வெயில் நேராக இறங்கும் இந்த அட்சத்தில் மேல்தளம் இல்லாத கான்கிரீட் வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு மொட்டைமாடி வழியே வருவது. தட்டோடு பதிக்காத, வெள்ளைப் பூச்சு இல்லாத மாடியை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கூலிங் பேப்பர் வாங்குகிறவர் பணத்தைத் தவறான இடத்தில் முதலில் போடுகிறார்.

காற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படலம் மூடிய கண்ணாடியில்தான் வேலை செய்யும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றுக்காக டெல்டாவில் திறந்து வைப்பது இதே மேற்கு ஜன்னலைத்தான். ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஏ.சி. இல்லாத அறையின் ஜன்னலை மூடினால் வெயில் குறையும், புழுக்கம் ஏறும். எனவே ஏ.சி. அறைக்கும், திறக்க முடியாத படிக்கட்டுக் கண்ணாடிக்கும் இது பொருத்தம்; காற்று வாங்கும் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ கீற்றுச் சாய்ப்போ மேல். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

அமைப்பும் வகைகளும்

சூரிய ஆற்றலில் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மிச்சம் புறஊதா. சாயம் மட்டும் ஏற்றிய மலிவுத் தாள் வெப்பத்தை உறிஞ்சுவதோடு சரி; சில ஆண்டுகளில் ஊதா நிறமாக வெளிறும். அலுமினியம் ஆவியாகப் படிய வைத்த தாள் வெப்பத்தைத் திருப்பும், பகலில் உள்ளே மறைக்கும். நானோ செராமிக் வகை, ஒளியை விட்டு அகச்சிவப்பைப் பிடிக்கும். விலை அதிகம், கண்ணாடிபோல் பளபளக்காது என்பதால் மறைப்பும் குறைவு. தாளின் கனம் பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரான்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1966இல் இத்தகைய படலத்துக்குக் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் கார்வாரே நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. கார் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடைசெய்த தீர்ப்பை நினைத்து வீட்டில் ஒட்டலாமா என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தீர்ப்பு வாகனங்களுக்கு மட்டுமே.

தாளில் அச்சிட்ட 5, 20, 35, 50 என்ற எண்கள் உள்ளே வரும் வெளிச்சத்தின் விழுக்காடு. 2018 டிசம்பரில் மத்திய எரிசக்தித் திறன் செயலகம் வெளியிட்ட வீடுகளுக்கான விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா, ஜன்னல் பரப்பு சுவரில் 30 விழுக்காட்டுக்கு மிகாத கட்டடத்தில் கண்ணாடி குறைந்தது 27 விழுக்காடு ஒளியை விடவேண்டும் என்கிறது. நல்ல அளவுகோல் இது. பகலிலேயே லைட் போட வைக்கும் 5 விழுக்காட்டுத் தாளை வரவேற்பறையில் ஒட்டுவது வீட்டை வீணே இருட்டாக்குவது. திருபுவனம், அய்யம்பேட்டை நெசவாளர் வீடுகளில் தறி இருக்கும் அறைக்கு அடர்ந்த தாள் கூடவே கூடாது. இழை தெரிவதற்கு வெளிச்சம்தான் ஆதாரம்.

தரமான தாள் புறஊதாவில் 99 விழுக்காடு வரை தடுக்கும். கூடத்துச் சுவரில் தஞ்சாவூர் ஓவியமும், மூலையில் பலாமரத்து வீணையும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது மெய்யான நன்மை. ஆனால் சாதாரண ஒளியும் வெப்பமும் நிறத்தை மங்கவைக்கும், மரத்தை உலர்த்தும். தாள் ஒட்டிய பிறகும் வீணையை வெயில் விழும் இடத்தில் சாய்த்து வைக்கக் கூடாது.

மறைப்பு எதுவரை

கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள வெளிச்சத்தின் வேறுபாடே மறைப்பைத் தருகிறது; வெளிச்சம் மிகுந்த பக்கம் முகக்கண்ணாடியாகும். எனவே விளக்கு வைக்கும் நேரத்தில் நிலைமை தலைகீழாகும். வீட்டுக்குள் டியூப்லைட் எரியும்போது தெருவில் போகிறவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ தன் முகம்தான் தெரியும், எவர் பார்க்கிறார் என்பதே தெரியாது. பெண்கள் புழங்கும் அறைக்கு இதை நம்பித் திரைச்சீலையைக் கழற்றிவிடுவது ஆபத்து. குளியலறைக்கு இரவும் பகலும் மறைக்கும் பால்வெள்ளைத் தாளே சரி.

ஒட்டுதல்

வேலைக்கு ஏற்ற காலம், தாளடி அறுவடை முடிந்த பங்குனிக் காலை. சம்பா அறுவடை நாள்களில் அறுவடை இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசியும் உமியும் வீட்டுக்குள் மிதக்கும். தாளுக்கு அடியில் ஒரு துகள் மாட்டினாலும் குமிழாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உலராது. சித்திரை நடுப்பகலில் தாளைப் பொருத்துமுன் தண்ணீர் காய்ந்துவிடும்.

தண்ணீரில் சில துளி ஷாம்பு கலந்து ஸ்பிரே பாட்டிலில் நிரப்ப வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ வேண்டாம், வெள்ளைப் புள்ளி விழும். கேன் தண்ணீர் நல்லது. கண்ணாடியைக் கழுவி, பெயின்ட் துளிகளைப் பிளேடால் சுரண்டி, மறுபடி கழுவ வேண்டும். ஜன்னல் அளவைவிட ஓர் அங்குலம் கூடுதலாகத் தாளை வெட்டி, மேலுறையை உரிக்கும்போதே பசைப்பக்கத்தை நனைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. நனைந்த கண்ணாடியில் தாளை நகர்த்திப் பொருத்தி, அதன் மேலும் தெளித்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். சட்டத்தை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். மங்கலும் சிறு நீர்க்குமிழ்களும் ஒரு மாதத்துக்குள் மறையும். அதுவரை கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. பிறகும் அமோனியா கலந்த கிளீனர் கூடாது.

புள்ளிக் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் தாள் ஒட்டாது. கம்பி பதித்த கண்ணாடியிலும், ஏற்கெனவே நிறம் ஏற்றிய பெரிய கண்ணாடியிலும் ஒட்டினால், உறிஞ்சிய வெப்பத்தால் ஒரு பகுதி சூடேறி நிழல் விழுந்த பகுதி குளிர்ந்து நிற்க, கண்ணாடி விரிசல் விடலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று விளிம்பு வழியே அலுமினியப் பூச்சை அரிக்கும். விளிம்பை அடைத்து ஒட்டுவது அவசியம். புயலில் உடையும் கண்ணாடிச் சில்லுகளைப் பிடித்து நிறுத்த 100 மைக்ரானுக்குக் குறையாத பாதுகாப்புத் தாள் வேண்டும்; கூலிங் பேப்பரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பளபளக்கும் தாள் ஒட்டிய ஜன்னலில் தேன்சிட்டும் குண்டுகரிச்சானும் தங்கள் பிம்பத்தைப் போட்டிப் பறவை என்று எண்ணி இனப்பெருக்கக் காலத்தில் நாள் முழுக்கக் கொத்தும். செம்பருத்திச் செடி நிற்கும் பக்கத்து ஜன்னலானால், வெளியே கொசுவலையோ பழைய புடவையோ கட்டிப் பிம்பத்தை அந்தச் சில வாரங்களுக்கு மறைத்துவிட வேண்டும்.