குண்டு போன வழி

பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் கணக்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. திசைவேகத்தைக் கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு என்று பிரிக்க வேண்டும். செங்குத்துக் கூறு நேரத்தைத் தரும். அதைக் கிடைத்தளக் கூறால் பெருக்கினால் தூரம். ஐந்து வரியில் விடை வந்துவிடும். அந்த ஐந்து வரிக்கு ஐரோப்பா நூறு ஆண்டு உழைத்தது.

1531-இல் இத்தாலியின் வெரோனாவில் ஒரு பீரங்கிக்காரர், தமக்குத் தெரிந்த கணித ஆசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: குழாயை எவ்வளவு தூக்கினால் குண்டு அதிகத் தூரம் போகும்? ஆசிரியர் நிக்கோலோ தார்த்தாலியா. சிறுவயதில் பிரெஞ்சுச் சிப்பாயின் வாள் தாடையைப் பிளந்ததால் வாய் திக்கியவர். 'திக்குவாயர்' என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 45 பாகை என்றார். விடை சரி. ஆனால் 1537-இல் வெளியிட்ட நூலில் அவர் வரைந்த பாதை விசித்திரமானது: குண்டு முதலில் சாய்ந்த நேர்கோட்டில் ஏறும், பிறகு வட்ட வில்லாக வளையும், கடைசியில் தூக்குக்குண்டு போல நேராக விழும். வலிந்து தள்ளிய இயக்கமும் தானே விழும் இயக்கமும் ஒரு பொருளில் ஒரே சமயத்தில் கலக்காது என்பது அன்றைய பாடம். ஒன்று ஓய்ந்தால்தான் மற்றது தொடங்க முடியும்.

அந்தப் பூட்டை உடைத்தது ஒரு மேசை.

1608 வாக்கில் பதுவாவில் கலிலியோ, சாய்பலகையில் உருண்ட பந்தை மேசை விளிம்பில் கிடையாகப் பறக்கவிட்டார். அவர் கைப்பட எழுதிய தாள் இன்றும் ஃபுளோரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. அவரது அளவில் மேசை உயரம் 828 புள்ளி, அதாவது முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். பலகையில் 300 புள்ளி உயரத்திலிருந்து விட்ட பந்து 800 புள்ளி தள்ளி விழுந்தது. உயரத்தை 600 ஆக்கினால் 1131-இல் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டார், விழுந்தது 1172-இல். வித்தியாசத்தை மறைக்காமல் பக்கத்திலேயே குறித்து வைத்தார். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பந்து தரையைத் தொட ஆகும் நேரம் ஒன்றுதான். இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் கூடவே நடக்கின்றன; இரண்டும் சேர்ந்து வரைவது பரவளையம்.

முப்பது ஆண்டு அதை அச்சேற்றாமல் வைத்திருந்தார். 1632-இல் இன்னொரு கணிதவியலாளர் கவலியேரி முந்திக்கொண்டு பரவளையத்தை அச்சில் சொல்லிவிட, கிழவருக்கு மனத்தாங்கல். 1638-இல், வீட்டுக்காவலில், பார்வையும் போன நிலையில், அவருடைய நூல் லெய்டனில் வெளிவந்தது. பீரங்கிக்காரர்களுக்கான அட்டவணைகளும் அதில் உண்டு. 40 பாகையும் 50 பாகையும் ஒரே தூரம் தரும் என்பதை எவரும் சுட்டுப் பார்க்காமலே அதிலிருந்து அறியலாம். ஆனால் வெடிமருந்தின் அசுர வேகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று கலிலியோவே எச்சரித்திருந்தார். வாசித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள்.

தாண்டாதவர் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் மரப்பலகையில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, பலகை ஆடிய அளவை அதோடு இழுபட்ட நாடாவைக் கொண்டு அளந்து, குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார்; 1742-இல் அதை நூலாக்கினார். வேகம் வினாடிக்கு 1700 அடி, சுமார் 518 மீட்டர். பள்ளி முறையில் போட்டுப் பார்க்கலாம்: 45 பாகையில் இரு கூறுகளும் 366 மீட்டர், பறக்கும் நேரம் 75 வினாடி, தூரம் 27 கிலோமீட்டர். நிஜத்தில் அந்தக் குண்டு அரை மைலைக்கூட எட்டாது. புறப்படும் வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல் 120 மடங்கு என்றார் ராபின்ஸ். 'காற்றுத்தடை புறக்கணிக்கத்தக்கது' என்ற வரி வினாத்தாளில் எவ்வளவு பெரிய சலுகை!

1745-இல் ராபின்ஸின் இந்த நூலைக் கணிதமேதை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக உரையும் எழுதினார்.

ராபின்ஸின் கடைசி உத்தியோகம் நம் ஊரில். கோட்டைகளைப் பலப்படுத்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் வந்தவர், 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் எறிபொருள் பாடம் எடுப்பவர்கள் அவர் பெயரையும் ஒரு முறை சொல்லலாம்.