கால் வரையத் தெரியாதவனும் பாட்டி வீட்டு லட்சுமியும்

மாசாயில் எங்கள் தமானுக்கு வெளியே ஒரு மாமாக் கடை. வெள்ளிக்கிழமை இரவென்றால் நாங்கள் நான்கு பேர் அங்கேதான். 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படம் வந்த சமயம் ஒரு சண்டை நடந்தது. படத்தில் ஒரு தெருக் காட்சியில் 'லைஃபெல்ட்ஸ் ஜஸ்ட் ஃபீட்' என்று ஒரு கடைப் பலகை பின்னால் தெரியும். கால்களுக்கு மட்டுமான கடை. அந்த நகைச்சுவை புரிந்தவன் சிரித்தான். புரியாதவன் "என்னாடா?" என்று கேட்டான். அதோடு இரவு ஒரு மணி ஆகிவிட்டது.

ராப் லைஃபெல்ட் டெட்பூலை உருவாக்கிய இருவரில் ஒருவர். மற்றவர் எழுத்தாளர் ஃபேபியன் நிசீசா. லைஃபெல்டுக்குப் பாதம் வரைய வராது என்பது காமிக்ஸ் உலகில் முப்பது வருட நக்கல். பாத்திரங்களைப் புகையில் நிறுத்துவார், பாறைக்குப் பின்னால் நிறுத்துவார், முழங்காலுக்குக் கீழே படத்தை வெட்டிவிடுவார். இடுப்பு கைப்பிடி அளவு இருக்கும், மார்பு பீப்பாய் மாதிரி இருக்கும். ஆனால் 1991இல் அவர் வரைந்த 'எக்ஸ்-ஃபோர்ஸ்' முதல் இதழ் ஏறத்தாழ 50 லட்சம் பிரதி விற்றது. உறைக்குள் ஐந்து வகை அட்டைகளில் ஏதோ ஒன்றை வைத்து மூடி விற்றார்கள். ஐந்தும் வேண்டுமென்றால் ஐந்து பிரதி வாங்கணும். மறு வருடம் அவரும் டாட் மெக்ஃபார்லேன், ஜிம் லீ முதலான ஓவியர்களும் மார்வெலை விட்டு வெளியேறி 'இமேஜ் காமிக்ஸ்' தொடங்கினார்கள். ஓவியன் தன் பாத்திரத்துக்குத் தானே உரிமையாளன் என்ற கொள்கையில் எழுந்த நிறுவனம் அது.

"விக்கிறதெல்லாம் கலையாயிடுமா?" என்றான் ஒருவன். அவன் அனிமேஷன் படித்தவன். "அவ்ளோ பேருக்குப் பிடிச்சிருக்குன்னா அதுல ஒன்னுமே இல்லாம இருக்குமா?" என்றான் இன்னொருவன். அவன் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன்.

நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சாமி அறையில் விளக்கைப் போட்டபோதுதான் உறைத்தது. இந்தச் சண்டை எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அதை ஆரம்பித்தவன் நான்.

பாட்டியின் லட்சுமி படம் ஒன்று சாமி அறையில் இருக்கிறது. தாமரைமேல் நிற்கிற லட்சுமி, சிவப்புச் சேலை, பக்கத்தில் யானை. ஏதோ ஒரு மளிகைக் கடை கொடுத்த காலண்டர். தேதித் தாள் கிழிந்து தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தில் தொங்கியது, தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் பாட்டியோடு மாசாய்க்கு வந்தது. கல்லூரியில் கிராஃபிக் டிசைன் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த நான், விடுமுறைக்கு வந்தபோது அதைப் பார்த்து, "இந்தக் காலண்டர் படத்தைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒன்னு மாட்டலாமே" என்றேன். பாட்டி பதில் சொல்லவில்லை. அப்பாதான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அதன் வேர் ராஜா ரவிவர்மாவிடம் போகிறது. 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் வளர்ந்து, ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைப் பெரும்பாலும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பதக்கம் என்று அவர் புகழ் நாடு தாண்டிப் போனது. ஆனால் அவை அரண்மனைச் சுவர்களுக்கான ஓவியங்கள். அவருக்கு ஆதரவாக இருந்த திவான் சர் டி. மாதவராவ் 1884லேயே ஒரு யோசனை சொன்னார்: படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் ஏராளமாக எடுக்கலாமே. பத்து வருடம் கழித்து, 1894இல், ரவிவர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள், கல்லச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். சரஸ்வதியும் லட்சுமியும் ராமரும் கிருஷ்ணரும் காகிதத்தில் இறங்கினார்கள்.

இதன் கனம் புரிய ஒரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவு திறந்தது 1936இல். அதற்கு 42 வருடம் முன்பே, கோயிலுக்குள் போக முடியாதவர்களின் வீட்டுச் சுவருக்குச் சாமி வர வழி பிறந்துவிட்டது. புரட்சி செய்யவேண்டும் என்று ரவிவர்மா இதைத் தொடங்கவில்லை. அது ஒரு வியாபாரம். அதிலும் கடன்தான் மிச்சம். கொள்ளைநோய்க்குப் பயந்து அச்சகம் லோனாவாலா பக்கம் மளவ்லிக்கு இடம் மாறியது. கடைசியில் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் கைமாறியது. பிறகு அந்தத் தெய்வங்கள் சோப்புக்கும் குழந்தை உணவுக்கும் விளம்பரமாகவும் நின்றன.

சண்டை உடனே ஆரம்பித்தது. ரவிவர்மா 1906இல் இறந்தார். மறு வருடமே 'மாடர்ன் ரிவ்யூ'வில் ஆனந்த குமாரசாமி அவரைக் கடுமையாக விமர்சித்தார். நாடக மேடைத்தனம், கற்பனைப் பஞ்சம், புனிதமான விஷயத்தை எடுத்துக்கொண்டு அதற்குரிய உணர்வில்லாமல் வரைவது. இவைதான் குற்றச்சாட்டின் சாரம். குமாரசாமி கொழும்புத் தமிழர் ஒருவரின் மகன். சகோதரி நிவேதிதைக்கு, தரையில் குப்புறப் படுத்துக் கடிதம் எழுதும் சகுந்தலையின் படத்தைப் பொறுக்கவே முடியவில்லை. ஒரு காவிய நாயகி இப்படியா கிடப்பாள் என்பது அவர் கோபம். ஈ. பி. ஹாவெல் 1908இல் வெளியிட்ட தன் நூலில் அதே வரிசையில் நின்றார். இவர்களின் மாற்று, அபனீந்திரநாத் தாகூரின் வங்காளப் பாணி: மங்கிய நிறம், மெல்லிய கோடு, அஜந்தாவின் நினைவு.

அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ரவிவர்மாவின் புராணப் படங்களைப் பார்த்தால் திரை விலகிய நொடியில் நடிகர்கள் உறைந்து நிற்பது போலத்தான் இருக்கிறது. பார்சி நாடகங்களைப் பார்த்து ரசித்தவர் அவர். அவருடைய தேவியர் பலரும் மராட்டியப் பாணியில் சேலை கட்டியிருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் பொதுவான உடை எது என்று தேடி அவர் கண்டுகொண்ட விடை அது. தமிழ்ப் பாட்டிமார் கும்பிட்ட சரஸ்வதியில் பாதி, மராட்டியப் பெண்தான்.

ஆனால் அந்த விமர்சனம் அச்சகத்தை நிறுத்தவில்லை. விமர்சனம் பத்திரிகையில் ஓடியது, படம் சந்தையில் ஓடியது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் அந்த ஓட்டம் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். ஹாவெல் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே பள்ளி. பிறகு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம். அதன்பின் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலை. கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி, தீப்பெட்டி ஒட்டுத்தாள் அச்சடிக்கப் போய் அச்சகங்கள் பெருகிய ஊர். கோவில்பட்டியில் வரைந்தது சிவகாசியில் அச்சாகி, தமிழர்கள் போன ஊருக்கெல்லாம் போனது. மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி. ரவிவர்மாவை 'நாடகத்தனம்' என்று திட்டினார்கள். கொண்டையராஜுவோ நிஜமாகவே நாடகத்திரை எழுதியவர். பின்னால் தூண்கள், மேகம், அரண்மனை, நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் தெய்வம். எந்தக் குறையைச் சொல்லி மூத்தவரை ஒதுக்கினார்களோ, அதையே பின்னவர் தன் பலமாக்கிக்கொண்டார்.

1976இல் அவர் இறந்தபோது, அவர் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. இது சிவகாசியின் குணமோ என்னவோ. அதே ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அதை வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். மாயாவி பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிளாஸ்கோவைத் தெரியும்?

சரி, மாமாக் கடைக்கு வருவோம். அனிமேஷன் நண்பனின் கட்சியில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்றால் அவர்களுக்குத் தரம் பார்க்கத் தெரியவில்லை. ஷிஃப்ட் நண்பனின் கட்சியிலும் ஒன்று உண்டு: அதிகம் பேர் வாங்கிவிட்டால் அதன்பின் தரம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டுமே தப்பு என்று எனக்குக் காட்டியவர் பாட்டி.

என் சின்ன வயதில் டிசம்பர் மாதம் பாட்டியோடு கடைக்குப் போவேன். சாமான் வாங்கியவர்களுக்கு இலவசக் காலண்டர். பாட்டி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. சுருட்டி வைத்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். "இது மூஞ்சி சரியில்ல." "இது யாரையோ பாக்குது, நம்மளப் பாக்கல." "இந்தக் கை குடுக்குற கை மாதிரியா இருக்கு?" கடைக்காரர் முனகுவார். பாட்டி ஐந்தாறு பிரித்த பிறகு ஒன்றை எடுப்பார். சீன மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் குதிரைப் பந்தயக் காலண்டர் சமையலறைக்கு, இது சாமி அறைக்கு.

இலவசப் பொருளிலேயே தேர்வு செய்தவர் அவர். கண் என்னைப் பார்க்கிறதா, கை கொடுக்கிறதா, முகத்தில் கருணை இருக்கிறதா? இது ரசனைதான், விமர்சனமும்தான். என் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அளவுகோல் இல்லை, அவ்வளவே. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவார்கள். வியாபாரிகள் அதைப் புரட்டித்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஆயிரம் பாட்டிகளின் "மூஞ்சி சரியில்ல" இருக்கிறது. சந்தை என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்குவதற்குள் இத்தனை கண்கள் இருக்கின்றன.

லைஃபெல்ட் விஷயத்திலும் அப்படித்தான். 1991இல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் பாதத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பினால் படம் வெளியே பாய்கிறதா என்று பார்த்தார்கள். அது அவர்களின் அளவுகோல். அந்த அளவில் அவர் தேறினார். உடற்கூறு அளவில் தோற்றார். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

ஆனால் இதோடு பாட்டி பக்கம் நின்று கைதட்டி முடித்துவிட முடியவில்லை. ஒன்று உறுத்துகிறது.

எங்கள் லட்சுமி வெள்ளை. ரவிவர்மாவின் லட்சுமியும் வெளுப்புத்தான். அவருக்குப் பின் அச்சும் போட்டியும் அந்த நிறத்தை இன்னும் வெளுக்க வைத்தன. ரோஜா நிறக் கன்னம், சந்தன நிறக் கை. அந்தப் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றிய பாட்டி, நாற்பது வருடம் வெயிலில் பால்மரம் வெட்டிக் கறுத்தவர். என் அக்காவைப் பார்த்து, "புள்ள கொஞ்சம் செவப்பா பொறந்திருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். அக்கா இன்றுவரை அதை மறக்கவில்லை. அழகு என்றால் இந்த நிறம் என்று அந்தச் சுவர் எங்களுக்குத் தினமும் காலையில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

குமாரசாமியும் ஹாவெலும் கேட்டது, இது இந்தியத்தன்மை உள்ளதா, ஆன்மிகம் உள்ளதா என்று. படத்துக்கு முன்னால் நிற்பவளின் முகம் படத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை அவர்கள் அழுத்திக் கேட்கவில்லை. சந்தையும் கேட்கவில்லை. தரம் பேசியவர்கள் பாட்டியின் கண்ணை மதிக்கவில்லை. விற்பனை பேசியவர்கள் பாட்டியின் நிறத்தை மதிக்கவில்லை. மாமாக் கடையில் நாங்கள் அடித்துக்கொண்ட இரண்டு கட்சிக்கும் வெளியே இருக்கிறது இந்த மூன்றாவது கேள்வி.

ரவிவர்மாவுக்கு மறுவாசிப்பு பின்னால் வந்தது. 1993இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஓவியர் ஏ. ராமச்சந்திரனும் ரூபிகா சாவ்லாவும் அவர் படைப்புகளைப் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள். அப்போதும் சண்டைதான். காலண்டர் ஓவியத்தை ஆய்வாளர்கள் இன்று தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். கஜ்ரி ஜெயின் சிவகாசிச் சந்தையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நல்லதுதான். ஆனால் மறுவாசிப்பு என்பது, முன்னால் திட்டியதை இப்போது புகழ்வது மட்டுமாக இருந்தால் போதாது.

பாட்டி போய் ஆறு வருடமாகிறது. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது சாமி அறையைக் காலி செய்தோம். லட்சுமி படத்தைக் கழற்றினேன். கண்ணாடிக்குள் ஓரமெல்லாம் பழுப்பு, சேலையின் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. முகத்தில், தினமும் விளக்குப் புகை பட்ட இடத்தில், நிறம் மங்கிக் கறுத்திருந்தது. அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"இப்பதான் நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கு," என்றாள்.

துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்தேன். அப்படியே மாட்டிவிட்டோம்.