சென்னை மணியும் பம்பாய் மணியும்

பங்குனி மாதத்து மாலையில் சென்னையிலுள்ள உறவினரோடு டெலிபோனில் பேசும் நம் காலனி அன்பர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். அங்கே விளக்கேற்றியாயிற்று என்பார்கள். இங்கே பம்பாயில், மன்னிக்கவும், இன்று மும்பை என வழங்கும் இந்நகரில், எதிர்வீட்டு மாடியில் இன்னும் வெயில் நிற்கும். இரு வீட்டுக் கடிகாரமும் காட்டுவதோ ஆறரை மணிதான்!

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிஷம். சென்னைக்கு நாம் ஏறக்குறைய ஏழரைப் பாகை மேற்கே இருக்கிறோம். எனவே சூரியன் நம்மிடம் வந்து சேர அரைமணி, அதாவது ஒன்றேகால் நாழிகை, தாமதமாகிறது. சென்னையில் கணித்த பஞ்சாங்கத்தைக் கொண்டு இங்கே முகூர்த்தம் பார்ப்போர் இதனை மறவாதிருத்தல் நலம்.

இருப்புப் பாதை வருமுன் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உச்சிவேளையே மணியாக இருந்தது. அதனால் எவருக்கும் தொல்லையில்லை. 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் ரயில் ஓடியது. 1870-இல் பம்பாயும் கல்கத்தாவும் இருப்புப் பாதையால் இணைந்தன. அவ்விரு நகரங்களின் மணிக்கு இடையே ஒரு மணி இரண்டு நிமிஷ வித்தியாசம்! ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டிகள் வரும்பொழுது, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களின் கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டினால் விளைவு என்னவாகும் என்பதை இலாகாவில் வேலை பார்க்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தை ஒட்டி இந்திய ரயில்கள் யாவும் சென்னை மணியை ஏற்றன. நுங்கம்பாக்கத்தில் 1792 முதலே வானாராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கிருந்து தந்தி மூலம் சரியான மணியை அனுப்ப முடிந்தது. தமிழர் பெருமை கொள்ளத்தக்க செய்திதான். ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சென்னையின் தீர்க்கரேகை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்ததே முக்கிய காரணம். இருபுறத்தாருக்கும் அரைமணி அளவே வேறுபாடு.

பம்பாய்வாசிகள் அந்த அரைமணியையும் பொறுக்கவில்லை. 1881-இல் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்கூஸன் சர்க்கார் காரியாலயங்களில் சென்னை மணியைப் புகுத்தியபோது நகரெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ராஜாபாய் கோபுரக் கடிகாரம் பம்பாய் மணியையே காட்டும் என்று சர்வகலாசாலை உறுதியாக நின்றது. அப்படியாயின் கடிகாரத்துக்கு விளக்கேற்றும் செலவைத் தரமாட்டோம் என்றது சர்க்கார்! 1883-இல் சர்க்கார்தான் பின்வாங்கியது.

1906 ஜனவரி 1 முதல், 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்ட இந்தியப் பொது மணி வந்தது. சென்னைக்காரர் கடிகாரத்தை 9 நிமிஷம் முன்னே தள்ளினால் போதும். பம்பாய்க்காரரோ 39 நிமிஷம் தள்ள வேண்டியதாயிற்று. மாளிகைவாசிக்கு இது வெறும் எண். ஆலைத் தொழிலாளிக்கோ அப்படியன்று. சங்கு ஊதும் மணி மாறாமல் கடிகாரம் மட்டும் முன்னே சென்றால், அவன் 39 நிமிஷம் முன்னதாக இருட்டில் எழுந்து ஓட வேண்டும். அம்மாதமே ஆலைகளில் கலகம் மூண்டதில் வியப்பென்ன? அந்நிய சர்க்கார் நம் சூரியனையும் மாற்றுகிறதே என்ற ஆத்திரமும் அதனோடு சேர்ந்துகொண்டது. மாநகராட்சி பழைய மணியையே வைத்துக்கொண்டது.

கல்கத்தா 1948-இலும், பம்பாய் மாநகராட்சி 1955-இலும்தான் தத்தம் மணியைக் கைவிட்டன. ஆகவே சுதந்திரம் வந்து எட்டாண்டுகள் வரையில் இந்நகரத்தார் வண்டி பிடிக்க ஒரு மணியும், மற்றவற்றுக்கு வேறொரு மணியுமாகக் கணக்கிட நேர்ந்தது. போதாக்குறைக்கு, யுத்த காலத்தில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை பொது மணியே ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது!

இவ்வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவும் இல்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் பொது மணிக்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட மணி’ வழங்குகிறது. அங்கே சூரியன் நமக்கு ஒன்றரை மணிக்கு முன்னரே எழுந்துவிடுகிறான். கொழுந்து பறிப்போர் தில்லியின் கடிகாரத்துக்காகக் காத்திருக்க முடியுமா?

விடுமுறையில் சென்னை செல்லும் அன்பர்கள், நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு நிலைய வளாகத்தில் அப்பழைய கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்பதை அறிந்துகொள்க. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு.