காவிரி போன வழியே கரண்ட்

பேரணாம்பட்டு மலைப்பாதை ஏறி வி.கோட்டா வழியாகப் போனால் கோலார் தங்கவயல். ஆம்பூரிலிருந்து நேர்கோடு போட்டால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும். 1902 ஜூன் 30 அன்று அங்கே மின்சாரம் வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். மைசூர் சமஸ்தானத்தின் வேலை அது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பாதிக்குமேல் தமிழர்கள், வட ஆர்க்காட்டு ஜனம் நிறைய. எங்கள் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். அவர் பண்டிகைக்கு ஊர் வந்தால் மண்ணெண்ணெய் விளக்கைப் பார்த்துச் சிரிப்பாராம்.

நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். இப்போது ஓய்வு. சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிப் பிள்ளைகளின் அப்பா டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில். ஓம் விதி, ஜூல் விதி, மின்திறன் எல்லாம் மனப்பாடம். “இதெல்லாம் எதுக்கு மாமா?” என்று கேட்டால் நான் தங்கவயலிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

முதலில் அனுப்பிய மின்சாரம் சுமார் 4,000 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். பெருக்கினால் ஏறக்குறைய 30 லட்சம் வாட். மின்னழுத்தம் 30,000 வோல்ட் அளவில். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 100 ஆம்பியர். (மூன்று ஃபேஸ் என்பதால் ஒவ்வொரு கம்பியிலும் உண்மையில் இதைவிடக் குறைவாகவே ஓடும். பத்தாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு போதும்.) அதே 30 லட்சம் வாட்டை நம் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்பியிருந்தால்? 13,000 ஆம்பியர். கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. மொத்தக் கம்பியின் தடை 20 ஓம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியருக்கு இழப்பு 2 லட்சம் வாட், அனுப்பியதில் பதினைந்தில் ஒரு பங்கு. 13,000 ஆம்பியருக்குப் போட்டுப் பாருங்கள், 338 கோடி வாட் வரும். அனுப்பியதே 30 லட்சம்தான்! விடை இப்படி வந்தால் அந்த ஏற்பாடு நடக்கவே நடக்காது என்று அர்த்தம். உயரழுத்தத்தில் அனுப்பி, ஊர் வாசலில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைப்பது ஏன் என்று பிள்ளைகளுக்கு அதன்பிறகு சொல்ல வேண்டியதே இல்லை.

தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது பேத்தமங்கலம் ஏரி. அது பாலாற்றின் மேல் இருக்கிறது, அதாவது நம் ஆற்றுத் தண்ணீர். நம் தண்ணீர் அங்கே நின்றது, அவர்கள் மின்சாரம் இந்தப் பக்கம் இறங்கவில்லை. நடுவில் சமஸ்தானத்துக்கும் மதராஸ் மாகாணத்துக்கும் எல்லை. பாலாற்றையே நம்பி மின்சாரம் எடுக்கவும் வழியில்லை. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, விழுவதற்கு உயரமும் கிடையாது. டர்பைன் சுற்ற இரண்டும் வேண்டும்.

சிவசமுத்திரத்தில் விழுந்த அதே காவிரி ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. மேட்டூர் அணை முடிந்தது 1934இல், அதன் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1937இல். அங்கிருந்து சிங்காரப்பேட்டை வழியாகக் கம்பி வடக்கே வேலூர்ப் பக்கம் வந்தது. தங்கவயலுக்கும் நமக்கும் முப்பத்தைந்து வருஷ இடைவெளி. தண்ணீர் ஒன்றே.

அரசாங்கம் நம்மைப் பின்னால் தள்ளிவிட்டது என்று பழைய ஆட்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பைக்காரா மின்சாரம் 1932இல் வந்ததும் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆயிரக்கணக்கில் கதிர் சுற்ற வேண்டிய தொழில் அது. இங்கே தோல் தொழில் குழியில் நடந்தது. சுண்ணாம்புக் குழி, ஆவாரம் பட்டைக் குழி, கடுக்காய்த் தண்ணீர். தோலைக் குழியில் போட்டு, எடுத்து, திருப்பி, மறுபடி போட்டு வாரக்கணக்கில் கையால் செய்த வேலை. மோட்டாருக்கு அங்கே என்ன வேலை? கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், பட்டை அரைக்கலாம். அவ்வளவுதான்.

மோட்டாரைக் கேட்டது குரோம். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினியர் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்துகாட்டிவிட்டார். பட்டைக்கு வாரங்கள் என்றால் குரோமுக்கு நாட்கள் போதும். ஆனால் தோலை டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்ட வேண்டும். நம் பக்கத்து முதலாளிகள் அவசரப்படவில்லை. பட்டையில் பதனிட்ட அரைத்தோலுக்கு லண்டனில் நல்ல விலை இருந்தது, எதற்கு மாற வேண்டும்? 1973இலிருந்து மத்திய அரசு அரைத்தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. முழுசாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பு என்றது. அதற்கப்புறம்தான் ஷேவிங் மெஷின், ஸ்ப்ளிட்டிங் மெஷின், ஸ்ப்ரே, உலர்த்தும் அறை எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மோட்டார். ஆம்பூரில் மின்சாரத்தின் வரலாறு 1937இல் தொடங்குகிறது என்று புத்தகத்தில் எழுதலாம். என்னைக் கேட்டால் 1973 என்பேன்.

எங்கள் தலைமுறை எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: த்ரீ ஃபேஸ் என்றால் ஒரு எச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப். டிரம்முக்கு 20 எச்.பி. மோட்டார் என்றால் 30 ஆம்ப் வரை இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேபிள் எடுப்போம். இது எங்கிருந்து வந்தது? 20ஐ 746ஆல் பெருக்கினால் 14,920 வாட். அதை 415 வோல்ட், மூன்றின் வர்க்கமூலமான 1.732, திறன் காரணி 0.85, மோட்டாரின் பயனுறுதிறன் 0.88 ஆகிய நான்கின் பெருக்கலால் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்பியர். ஒன்றரை என்பது அதைக் கொஞ்சம் தாராளமாக்கி வைத்த எண். கணக்கு தெரியாமலே கணக்காக இருந்தார்கள் எங்கள் மேஸ்திரிகள்.

தண்ணீரும் தோலும் நிரம்பிய டிரம்மை நின்ற நிலையிலிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். நேரடியாக சுவிட்ச் போட்டால் 28 ஆம்பியர் மோட்டார் முதல் சில நொடிக்கு ஆறு மடங்கு, அதாவது 168 ஆம்பியர் கேட்கும். ஷெட்டில் லைட்டெல்லாம் மங்கும், ஃப்யூஸ் போகும். அதற்காகத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். கிளம்பும்போது சுருள்களை ஸ்டாரில் இணைத்தால் லைனிலிருந்து இழுப்பது மூன்றில் ஒரு பங்காகிறது, 56 ஆம்பியர். வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாறும். சுழற்று விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பது இதில் உள்ள சங்கடம். டிரம்மில் அளவுக்குமேல் தோல் ஏற்றியிருந்தால் ஸ்டாரில் உறுமும், நகராது. சூப்பர்வைசர் வந்து மோட்டாரைத் திட்டுவார்.

தொடர் இணைப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டில் எல்லாமே பக்க இணைப்பு அல்லவா? எங்கள் பையில் எப்போதும் ஒரு சீரீஸ் லேம்ப் இருக்கும். மோட்டார் சுருளோடு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் பார்ப்போம். ஒரு முனை சுருளிலும் மறுமுனை மோட்டார் உடம்பிலும் வைத்தால் பல்பு எரியக்கூடாது. எரிந்தால் சுருள் உடம்பைத் தொட்டுவிட்டது, ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்லித் தரும் கணக்கு ஒன்று உண்டு. டேனரித் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. பச்சைத் தோல் உப்புப் போட்டு வரும், அதன்பிறகு உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிள் தண்ணீர். காய்ந்த கைக்கு 50,000 ஓம் தடை என்று வைத்தால் 230 வோல்ட்டில் உடம்பு வழியாக 4.6 மில்லி ஆம்பியர் போகும். சுரீர் என்று இழுத்து விட்டுவிடும். உப்புத் தண்ணீரில் ஊறிய கையும் வெறுங்காலும் என்றால் தடை 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். பத்தைத் தாண்டினாலே பிடித்த கையை விடமுடியாமல் தசை இறுகும், நூறு போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்கலாம். உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே டிரிப் ஆகும்படி செய்யப்படுவது இதனால்தான். அதே உப்பும் அமிலமும் எர்த் கம்பியைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வெளியே பார்த்தால் கம்பி இருக்கும், மண்ணுக்குள் அறுந்திருக்கும். எர்த் தடையை வருஷாவருஷம் அளக்காத ஷெட்டில் நான் மோட்டாரைத் தொட்டதில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரி இயங்கக்கூடாது என்றது. பாலாற்றை நாசம் செய்ததற்கு அது தாமதமான கணக்குத் தீர்ப்பு. அதன்பின் டேனரியின் மின்சாரக் கணக்கு மாறியது. கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் ஏரேட்டர்கள் ராப்பகலாக ஓட வேண்டும், எதிர்ச் சவ்வூடு பரவல் பம்புகள் உயரழுத்தத்தில் தள்ள வேண்டும். தோலைச் செய்யும் மோட்டாரோடு தோலின் அழுக்கைக் கழுவும் மோட்டாரும் பில்லில் ஏறியது. 2008இலிருந்து சில வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது டீசல் ஜெனரேட்டர்தான் இரண்டையும் ஓட்டியது. எந்த மோட்டாரை முதலில் நிறுத்தினார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். “ஒரு மின்சுற்றில் 12 வோல்ட் மின்கலம், 4 ஓம் தடை” என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், பிள்ளையின் அப்பா வேலை செய்யும் ஷெட்டில் ஒரு மோட்டாரின் தகட்டில் உள்ள எண்களைக் குறித்துவரச் சொல்லுங்கள். எச்.பி., வோல்ட், ஆம்பியர், திறன் காரணி எல்லாம் அதில் அடித்திருக்கும். தகட்டில் உள்ள ஆம்பியரும் பிள்ளை போட்ட விடையும் ஒத்துவருகிறதா என்று வகுப்பிலேயே பார்த்துவிடலாம்.