முக்கோணவியல் சமன்பாடு: நிழலில்லா நாள் (அருப்புக்கோட்டை – திருச்சுழி)

விருதுநகர் மாவட்டத்தின் இக்கரிசல் வட்டாரம் சுமார் 9.5° வட அகலாங்கில் உள்ளது. நண்பகல் சூரியன் இங்கே சரியாக உச்சிக்கு வரும் நாள் எது என்பது ஒரு முக்கோணவியல் சமன்பாடு.

சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகும் கோணம், தோராயமாக, 23.45° × சைன் θ. மார்ச் 21-இல் θ சுழியம். ஓராண்டில் 360° சுற்றும். விலகல் 9.5° ஆக வேண்டுமெனில் சைன் θ = 0.405. கணிப்பான் 23.9° என்ற ஒரே விடையைத்தான் தரும். பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள்; பாதி ஆண்டு அங்கேயே தொலைந்துபோகிறது. இரண்டாம் கால்பகுதியிலும் சைன் மிகை எண்ணே; ஆகவே 180° − 23.9° = 156.1° என்பதும் தீர்வு. இவற்றோடு 360°-இன் முழு எண் மடங்குகளைக் கூட்டினால் பொதுத் தீர்வு கிடைக்கும். அவை பிற ஆண்டுகளின் நாள்கள். 0° முதல் 360° வரையிலான இடைவெளிக்குள் தீர்வுகள் இரண்டே.

நாளாக மாற்றினால் ஏப்ரல் 14, ஆகஸ்ட் 26. முன்னது சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. பின்னது உண்மையில் ஆகஸ்ட் 28 வாக்கில் நிகழும். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால், இடைப்பட்ட மாதங்களில் அது சற்று மெதுவாக நகர்கிறது. இரு நாள்களிலும் பகல் சுமார் 12.18 மணிக்குக் கரிசலில் நேராக நட்ட கம்பியின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடும். இவ்விரு நாள்களுக்கும் இடையே நண்பகல் நிழல் தெற்கே விழும்.

டெல்லிக்கு (28.6°) சைன் மதிப்பு 1-ஐத் தாண்டுவதால் தீர்வே இல்லை.