இடைமண்டல ஆய்வு

இடைமண்டல ஆய்வு என்பது, தரைக்கு மேல் ஏறத்தாழ 50 முதல் 90 கி.மீ. வரை பரவிய மீசோஸ்பியர் அடுக்கை ஆராயும் வளிமண்டல இயற்பியல் பிரிவு. வானிலைப் பலூன்கள் இந்த உயரத்தை எட்டுவதில்லை. காற்றின் உராய்வால் செயற்கைக்கோள்கள் இங்கு நிலைத்துச் சுற்ற இயலாது. எனவே ஆய்வு ராக்கெட்டுகளும் ரேடார்களுமே இதன் முதன்மைக் கருவிகள்.

இயல்புகள்: கோடையில் துருவ இடைமண்டலத்தின் உச்சி −140° செ. அளவுக்குக் குளிர்கிறது. கீழிருந்து எழும் ஈர்ப்பு அலைகள் அங்கு உடைந்து காற்றை மேலெழச் செய்வதும், எழும் காற்று விரிந்து குளிர்வதுமே காரணம். ஏறக்குறைய 83 கி.மீ. உயரத்தில் பனித்துகள்கள் உருவாகி இரவொளி முகில்களாகத் தெரிகின்றன. மின்னேற்றம் பெற்ற அத்துகள்கள் வலிமையான ரேடார் எதிரொலிகளுக்கும் வழிசெய்கின்றன. நார்வேயின் ஆண்டோயா, சுவீடனின் எஸ்ரேஞ்ச் தளங்களிலிருந்து இவற்றை ஆராய ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன.

இந்தியாவில்: 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட் மேல் வளிமண்டல ஆய்வைத் தொடங்கிவைத்தது. பின்னர் சோவியத் எம்-100, இந்திய ஆர்எச்-200 ராக்கெட்டுகள் பயன்பட்டன. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1992 முதல் இடைமண்டலக் காற்றை அளந்தது. திருப்பதி அருகே காடங்கியிலுள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைவாங்கித் தொகுதி 1,024 யாகி அலைவாங்கிகளைக் கொண்டது.

முக்கியத்துவம்: வெப்பமண்டலத்தில் எழும் அலைகளின் ஆற்றல் மேலடுக்குகளுக்குக் கடத்தப்படுவதை அறியவும், நீண்டகாலக் காலநிலை மாற்றங்களைக் கணிக்கவும் இவ்வாய்வு உதவுகிறது. கரியமில வாயு மிகுதியால் தாழ்வளிமண்டலம் சூடேறும்போது இடைமண்டலம் குளிர்கிறது.