அலை அழித்த தீவுகளும் ஆக்கிய கைகளும்

ஓர் ஊரைப் புயல் அழித்துவிட்டால் அதனை மீண்டும் ஆக்குவோர் யார்? பொருளோடும் பரிவோடும் வெளியூரிலிருந்து வந்து சேரும் தொண்டர்களா? அல்லது எல்லாவற்றையும் இழந்து உயிரோடு மட்டும் எஞ்சி நிற்கும் அவ்வூர் மக்களா? வரலாற்று நூல்கள் பெரும்பாலும் முன்னவர் பெயரையே பொறித்து வைக்கின்றன. பின்னவர் ‘துயருற்றோர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போகின்றனர். இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் 1893 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கடலோரத்தில் நிகழ்ந்தவற்றைச் சற்று ஊன்றி நோக்குதல் பயன் தரும்.

தீவுகளும் மக்களும்

தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களின் கரையை ஒட்டி, கழிமுகங்களாலும் சதுப்பு நிலங்களாலும் பிரிக்கப்பட்ட தாழ்ந்த தீவுகள் பல உள்ளன. அவற்றைக் கடல் தீவுகள் என வழங்குவர். நீண்ட மெல்லிய இழையுடைய உயர்ந்த பருத்தி இங்கு விளைந்தது. அதனை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழித்தோன்றல்களுமே ஆவர். ஆப்பிரிக்க மொழிகளின் சாயல் கொண்ட தனிப் பேச்சும் தனிப் பாட்டும் தனி வழிபாட்டு முறையும் உடைய இம்மக்களைக் கல்லா மக்கள் என்பர்.

1861 ஆம் ஆண்டு நவம்பரில், உள்நாட்டுப் போர் மூண்ட சில திங்களுக்குள், வடபுலக் கப்பற்படை போர்ட் ராயல் கழிமுகத்தைக் கைப்பற்றியது. பண்ணை முதலாளிகள் ஓடிப்போயினர். அடிமைகள் நிலத்திலேயே நின்றனர். வரி கட்டாமல் கைவிடப்பட்ட பண்ணைகளை அரசு ஏலத்தில் விற்றது. அவற்றுள் ஒரு பகுதி பத்து ஏக்கர் அளவிலான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு விடுதலை பெற்ற மக்கள் கைக்கு வந்தது. தெற்கத்திய மாநிலங்களின் பிற பகுதிகளில் விடுதலை பெற்றவர்கள் நிலமின்றிக் குத்தகைக்கு உழைத்துக் கடனில் மூழ்கியபோது, இத்தீவுகளில் பலர் தம் சொந்த மண்ணில் நின்று உழுதனர். ஆண்களில் பலர் ஆற்றுப்படுகைகளில் உரத்துக்குரிய பாஸ்பேட் பாறைகளை வெட்டும் தொழிலிலும் கூலி பெற்றனர். சிறு நிலமும் சிறு கூலியுமே அவர்கள் வாழ்வைத் தாங்கிய இரு தூண்கள்.

ஓரிரவில் நேர்ந்தது

1893 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, பெருஞ்சூறாவளி ஒன்று சவானா நகரருகே கரையேறியது. காற்றினும் கொடியது அது தள்ளிக்கொண்டு வந்த கடல். மேடு என்று சொல்லத்தக்க இடமே இல்லாத தீவுகளின் மேல் அலை ஏறிற்று. மரக்குடிசைகள் மிதந்து சென்றன. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு விடியும்வரை தொங்கியோர் பிழைத்தனர். மாண்டோர் ஏறத்தாழ 2,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. சேற்றிலும் நாணற்காட்டிலும் புதைந்தோரை எண்ணியவர் எவருமிலர். ஆதலின் மெய்யான தொகை அதனினும் மிகுதியாக இருத்தல் கூடும்.

பிழைத்தவர் நிலை என்ன? அறுவடையை எதிர்நோக்கி நின்ற பருத்தி அழிந்தது. மண்ணுக்குள் இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு உப்புநீரில் அழுகியது. கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. படகுகள் உடைந்தன. பாஸ்பேட் தோண்டும் எந்திரப் படகுகள் மூழ்கியதால் கூலி வேலையும் நின்றது. ஏறத்தாழ 30,000 பேர் உணவும் உறைவிடமும் இன்றி நின்றனர். பாலங்கள் இல்லாத காலமாதலின் உதவி எதுவாயினும் படகேறித்தான் வரவேண்டும்.

ஆளுக்கு ஒரு டாலர்

தொடக்கத்தில் பியூபர்ட் நகரிலும் சார்ல்ஸ்டன் நகரிலும் அமைந்த உள்ளூர்க் குழுக்கள் தம்மால் இயன்றதைச் செய்தன. பின்னர் மாநில ஆளுநர் பென் டில்மன் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நாடினார். அச்சங்கத்தை 1881 ஆம் ஆண்டில் நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையாருக்கு அப்போது அகவை 71. போர்க்களத்தில் காயமுற்றோர்க்கென ஐரோப்பாவில் தோன்றிய செஞ்சிலுவை இயக்கம், அமைதிக் காலத்தில் வெள்ளம், தீ, புயல் ஆகியவற்றால் நலிந்தோர்க்கும் துணைநிற்க வேண்டும் என வலியுறுத்தியவர் இவரே. 1884 இல் ஜெனிவாவில் கூடிய மாநாடு அக்கருத்தை ஏற்றுக்கொண்டது. 1893 அக்டோபர் முதல் நாள் செஞ்சிலுவைச் சங்கம் துயர் துடைப்புப் பொறுப்பை முறையாக ஏற்றது. பியூபர்ட் நகரில் பண்டகசாலை திறக்கப்பட்டது. மருத்துவர் ஜூலியன் ஹப்பெல் களப்பணியை நடத்தினார்.

அவ்வாண்டு அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து தொழிலகங்கள் மூடப்பட்ட ஆண்டு. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் இப்பணிக்கெனப் பணம் ஒதுக்கவில்லை. பொதுமக்கள் நன்கொடையாகத் திரண்ட தொகை ஏறத்தாழ 30,000 டாலர். காக்க வேண்டியவர்களோ 30,000 பேர். காக்க வேண்டிய காலமோ அடுத்த விளைச்சல் வரையில். எனவே ஆளுக்கு ஒரு டாலர் என்பதே கணக்கு! வடபுல ஊர்களிலிருந்து பீப்பாய்களில் வந்த பழைய துணிகளும் தானியமும் இதற்குத் துணை. ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு இரண்டு காலன் மக்காச்சோளக் குருணையும் ஒரு பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சியும் அளிப்பதென வரையறுத்தனர். இது வயிறார உண்ணப் போதாது. எனினும் உயிர் நிற்கும். எஞ்சியதற்கு மீனும் நத்தையும் கடல் தரும் என்பது அவர்கள் எண்ணம்.

வடிகாலும் வீடும் ஊசியும் விதையும்

உணவு வழங்கியதோடு பணி நின்றிருக்குமாயின் இவ்வரலாற்றைத் தனியே எழுத வேண்டியதில்லை. அடுத்து நிகழ்ந்ததே நம் கருத்துக்கு உரியது.

முதலாவது நிலம். வயலில் தேங்கிய கடல்நீர் வடியாமல் அடுத்த விதைப்பு இல்லை. உப்பேறிய மண்ணை மழைதான் கழுவ வேண்டும். கழுவிய நீர் ஓடிப்போக வழி வேண்டும். தேங்கிய நீரோ காய்ச்சலையும் வளர்த்தது. எனவே ஊர்தோறும் ஆண்கள் அணி சேர்ந்து, தூர்ந்துபோன வடிகால்களை மீண்டும் வெட்டினர், புதியனவும் தோண்டினர். மண்வெட்டியைச் சங்கம் தந்தது. உழைத்தவர்க்கு உணவுப் பங்கு உயர்த்தித் தரப்பட்டது. புயலுக்கு முன்பே சீர்கெட்டுக் கிடந்த வடிகால்களும் அந்தக் குளிர்காலத்தில் சீர்பெற்றன.

இரண்டாவது வீடு. சங்கம் பலகையும் ஆணியும் கருவியும் வழங்கிற்று. கட்டியவர்கள் தீவு மக்கள். அவர்களுள் தச்சர் பலர் இருந்தனர். அடிமைக் காலத்தில் முதலாளியின் மாளிகையை எழுப்பிய கைகளும், அவற்றிடம் தொழில் கற்ற கைகளும் இப்போது தம் இல்லத்தை எழுப்பின.

மூன்றாவது உடை. வந்த துணிகளிற் பல கிழிந்தவை. பல அளவு பொருந்தாதவை. பெண்கள் தையல் குழுக்களாகக் கூடி அவற்றைப் பிரித்து, வெட்டி, குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் பொருந்துமாறு தைத்தனர். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எவருக்குக் கம்பளி இன்றியமையாதது என்பதை வெளியூர்த் தொண்டர் எவ்வாறு அறிவர்? அண்டை வீட்டுப் பெண்ணே அறிவாள். பங்கீட்டுப் பொறுப்பை அவ்வவ்வூராரிடமே ஒப்படைத்ததன் நுட்பம் இதுவே.

நான்காவது விதை. இளவேனில் வந்ததும் உருளைக்கிழங்கு விதையும் காய்கறி விதைகளும் வழங்கப்பட்டன. பருத்தி ஒன்றையே நம்பிய நிலத்தில் வீட்டுத் தோட்டம் முளைத்தது. 1894 கோடைத் தொடக்கத்தில் விளைச்சல் கைக்கு வரும் நிலை கண்டு, செஞ்சிலுவைச் சங்கம் பணியை நிறைவு செய்து வெளியேறியது.

ஆசிரியர் ஆற்றிய பணி

இத்தொண்டில் பள்ளிக்கூடங்களின் பங்கு ஆசிரியப் பெருமக்கள் அறியத்தக்கது. பியூபர்ட் நகரில், விடுதலை பெற்றோரின் பெண்மக்களுக்கெனப் பள்ளி நடத்தி வந்த ரேச்சல் மேதர் அம்மையார், புயலுக்குப் பின் உணவும் உடையும் திரட்டி வழங்குவதில் முனைந்தார். தாம் கண்டவற்றையும் தமக்கு வந்த மடல்களையும் தொகுத்து 1894 இல் நூலாக வெளியிட்டார். செயிண்ட் ஹெலினா தீவில் 1862 ஆம் ஆண்டு முதல் லாரா டவுன், எல்லன் மரே என்னும் இரு பெண்மணிகள் பென் பள்ளியை நடத்தி வந்தனர். புயல் வீசியபோது அப்பள்ளிக்கு அகவை முப்பத்தொன்று. அங்கே எழுத்தறிந்த பிள்ளைகள் அதற்குள் பெற்றோராகி, தம் பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பும் காலம் வந்திருந்தது. பேரிடர்க் காலத்தில் பெயர்ப்பட்டியல் எழுதவும், வரவு செலவு பதியவும், மடல் வரையவும் எழுத்தறிந்தோர் தேவை. அத்தகையோர் ஓரிரவில் உருவாவதில்லை. முப்பது ஆண்டுக் கரும்பலகை உழைப்பு வேண்டும்.

ஒரு வினா

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. பசித்தவனிடம் ‘உழைத்தால் மிகுதி தருவேன்’ என்பது அறமா? இலவச உணவு பெற்றால் கறுப்பர் சோம்பேறிகள் ஆவர் என்பது அக்காலத்து வெள்ளையரிடையே பரவலாக நிலவிய குற்றச்சாட்டு. பார்ட்டன் அம்மையாரும் மக்களை இரவலர் ஆக்கிவிடலாகாது என்று மீண்டும் மீண்டும் கவலையுற்றார். தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்து, பின் தம் பணத்தில் நிலம் வாங்கிய மக்களைக் குறித்து இக்கவலை எழுந்ததே ஒருவகையில் அவர்களுக்கு இழைத்த இழுக்கு எனலாம். அவர்களுக்கு உழைப்பின் மாண்பைக் கற்பிக்க எவரும் கடல்தாண்டி வர வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் நடந்த செயலை மற்றொரு கோணத்திலும் நோக்க வேண்டும். வெட்டிய வடிகால் யாருடையது? எழுந்த வீடு யாருடையது? தம் நிலத்துக்கும் தம் இல்லத்துக்கும் உழைத்தவர் வேலைக்காரர் ஆகார், உரிமையாளரே ஆவர். பிறர் பண்ணையில் கூலிக்கு நின்றவர்களாயின் அதே உழைப்பு மற்றொருவன் செல்வத்தையே பெருக்கியிருக்கும். கடல் தீவு மக்கள் மீண்டெழ முடிந்ததற்கு முதற் காரணம் அவர்கள் காலடியில் சொந்த மண் இருந்தமையே. தொண்டு அதற்குத் துணைக் காரணம்.

தொண்டு எட்டாத எல்லையும் உண்டு. பாஸ்பேட் தொழில் பழைய நிலைக்கு மீளவே இல்லை. புளோரிடா மாநிலம் அவ்வணிகத்தைக் கைப்பற்றிக்கொண்டது. கூலி தேடி இளைஞர் பலர் தீவைவிட்டு வெளியேறினர். 1895 ஆம் ஆண்டில், செஞ்சிலுவைச் சங்கம் அகன்ற மறு ஆண்டிலேயே, டில்மன் முன்னின்று கூட்டிய மாநாடு மாநிலத்துக்குப் புதிய அரசமைப்பை வகுத்தது. சொத்து, எழுத்தறிவு ஆகிய தடைகளை எழுப்பிக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் அது பறித்தது. பியூபர்ட் நகரில் அடிமையாய்ப் பிறந்து நாடாளுமன்றம் வரை உயர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸ் அம்மாநாட்டில் எழுந்து அதனை எதிர்த்தார், பயனில்லை. வீட்டைக் கட்டித்தரத் தொண்டு துணைநிற்கும். உரிமையைக் காத்துத்தர அது போதாது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

பின்னர்

கடல் தீவுகளில் கற்றதைப் பார்ட்டன் அம்மையார் மறக்கவில்லை. 1900 ஆம் ஆண்டு செப்டம்பர் 8 ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரைச் சூறாவளி அழித்தபோது, 78 அகவையில் அங்கும் சென்றார். உணவும் உடையும் வழங்கியதோடு அமையாது, அவ்வட்டார உழவர்க்குப் பதினைந்து இலட்சம் செம்புற்றுப்பழக் கன்றுகளைச் சங்கம் வழங்கிற்று. அடுத்த விளைச்சல்வரை எண்ணுதலே துயர் துடைப்பு என்னும் கொள்கை அங்கும் தொடர்ந்தது.

பென் பள்ளி இன்று பென் மையமாக நிலவுகிறது. 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவருடைய தோழர்களும் கூடிக் கலந்தாய்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இக்கடலோரத்தைக் கல்லா கீச்சி பண்பாட்டு மரபுப் பகுதியாக ஏற்றது. அலை விழுங்க முயன்ற மொழியும் பாட்டும் அங்கே இன்னும் ஒலிக்கின்றன.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்றும் ஈகை என்றும் தனித்தனியே இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. உலகத்தாரோடு ஒருவராய் நின்று உதவி வாழ்வது ஒப்புரவு. பியூபர்ட் பண்டகசாலையில் அளந்து கொடுத்த குருணை ஈகையின் பாற்படும். நீர் தேங்கிய வயலில் இறங்கி அண்டை வீட்டாரின் வடிகாலையும் சேர்த்து வெட்டியவனும், விளக்கொளியில் மற்றவர் பிள்ளைக்குச் சட்டை தைத்தவளும் செய்தது ஒப்புரவு. முன்னதைச் செய்தோரின் பெயர் கல்லிலும் ஏட்டிலும் உள்ளது. பின்னதைச் செய்தோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஊரை மீண்டும் ஆக்கியவர் யார் என்று மாணவர் கேட்பாராயின், அப்பெயரில்லாதவர்களையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு கற்பிப்போர்க்கு உரிய கடன்.